சுவருக்கும் சுற்றுத் தளத்துக்கும் நடுவே பிளவு: எத்தனை முறை பூசினாலும் ஏன் நிற்பதில்லை?

வீடு கட்டிக் குடிபோய் இரண்டு மழைக்காலம் முடிந்திருக்கும். பேஸ்மட்டச் சுவரும் வீட்டைச் சுற்றிப் போட்ட சிமென்ட் தளமும் சேரும் இடத்தில் நூல் பிடித்தாற்போல ஒரு கோடு தெரியும். அடுத்த கோடையில் அந்தக் கோட்டுக்குள் ஒரு ரூபாய் நாணயம் நுழையும். அதற்கடுத்த ஆண்டு விரலே நுழையும்.

மேஸ்திரியைக் கூப்பிட்டுக் காட்டினால், “வீடு செட் ஆகுது சார், பயப்படாதீங்க. ரெண்டு சட்டி கலவை போட்டுப் பூசிட்டா சரியாயிடும்” என்பார். பூசியும் கொடுப்பார். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். அடுத்த சித்திரையில் அதே இடத்தில் மறுபடியும் அதே கோடு. “சிமென்ட் சரியில்லை”, “எம்-சாண்ட் சரியில்லை” என்று பேச்சு போகும். மறுபடியும் பூச்சு, மறுபடியும் பிளவு.

இதில் சிமென்ட் மீதோ மணல் மீதோ குற்றம் இல்லை. தனித்தனியாக அசையும் இரண்டு பொருள்களை, கொஞ்சமும் வளையாத ஒரு பொருளால் ஒட்டப் பார்ப்பதுதான் கோளாறு. அந்தப் பிளவு ஏன் வருகிறது, விட்டால் என்ன ஆகும், எதைக்கொண்டு எப்படி அடைப்பது, எதை அடைக்கவே கூடாது என்று பார்ப்போம்.

ஏன் பிளக்கிறது?

வீடு நிற்பது அஸ்திவாரத்தின் மேல். அந்த அஸ்திவாரம் நான்கைந்து அடி ஆழத்தில், கெட்டியான மண்ணில் உட்கார்ந்திருக்கிறது. பொறியாளர்கள் ‘பிளிந்த் புரொடெக்‌ஷன்’ என்று சொல்லும் சுற்றுத் தளமோ மேல்மண்ணில் கிடக்கிறது. பார்வைக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிந்தாலும், தாங்குகிற மண் வேறு வேறு.

அதிலும் சுவரை ஒட்டிய மண் பெரும்பாலும் இயற்கையான மண் கிடையாது. அஸ்திவாரக் குழி தோண்டியபோது எடுத்த மண், உடைந்த செங்கல், காய்ந்த கலவைக் கட்டி எல்லாம் போட்டு மூடிய இடம் அது. அரை அடி நிரப்பித் தண்ணீர் விட்டு, திம்மிசு போட்டு இறுக்கி, அதன்பின் அடுத்த அரை அடி என்று நிரப்பியிருக்க வேண்டும். ஆனால் கிரகப்பிரவேச அவசரத்தில் மொத்தமாகக் கொட்டி, மேலாக மிதித்து, கான்கிரீட் போட்டுவிடுவது நிறைய இடங்களில் நடக்கிறது. மூன்றடி ஆழத்துக்குத் தளர்வாகக் கொட்டிய மண், மழையில் நனைந்து ஓரிரு அங்குலம் இறங்குவது சாதாரணம். மண் இறங்கும்போது தளமும் கூடவே இறங்கும். அல்லது தளம் அப்படியே நிற்க, அடியில் வெற்றிடம் உண்டாகும்.

இரண்டாவது காரணம், கான்கிரீட்டே காயும்போது சுருங்குவது. ஒரு மீட்டருக்கு அரை மில்லிமீட்டர் அளவுக்குச் சுருங்கலாம். வீடு கட்டிய சில மாதங்களில் தெரியும் அந்த முதல் மெல்லிய கோடு பெரும்பாலும் இதனால் வருவது. அதைக் கண்டு பதற வேண்டியதில்லை.

மூன்றாவது, வெயில். கான்கிரீட் ஒரு டிகிரி சூடேறினால் ஒரு மீட்டர் நீளத்துக்குச் சுமார் 0.01 மில்லிமீட்டர் நீளும். கேட்டால் ஒன்றுமில்லாத கணக்கு மாதிரி இருக்கும். ஆனால் 10 மீட்டர் நீளத் தளம் அதிகாலைக்கும் நடுப்பகலுக்கும் இடையே 30 டிகிரி வித்தியாசத்தைச் சந்தித்தால், நீளவாக்கில் 3 மில்லிமீட்டர் நகர்கிறது. சுவர் அந்த அளவுக்குச் சூடேறாது. ஆக, தளம் சுவரை உரசிக்கொண்டு நாள்தோறும் போய் வருகிறது. நடுவில் பூசிய கலவை எத்தனை நாள் தாங்கும்?

அப்படியே விட்டால் என்ன?

“சின்ன கேப்தானே, இருந்துட்டுப் போகட்டும்” என்று நினைப்பவர்களும் உண்டு. பிளவின் அகலத்தைவிட, அது இருக்கும் இடம்தான் முக்கியம். சுவரில் வழியும் மழைநீர் நேராக இறங்கும் கோட்டில்தான் அது இருக்கிறது.

1,000 சதுர அடி மொட்டை மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய 930 லிட்டர் தண்ணீர் சேரும். மழைநீர்க் குழாய் சுற்றுத் தளத்தின் மேலேயே கொட்டுகிற வீடுகளில், அதில் ஒரு பங்கு பிளவுக்குள் போகும். உள்ளே போகும் தண்ணீர் தளர்ந்த மண்ணைக் கரைத்து இழுத்துக்கொண்டு போகும். தளத்தின் அடியில் பொந்து உண்டாகும். பொந்து கிடைத்தால் பெருச்சாளி வரும். அது தோண்டிப் பொந்தைப் பெரிதாக்கும். எலி இருக்கும் இடத்துக்குப் பாம்பும் வரும். தேள், பூரானுக்கும் பகலில் ஒளிய அது நல்ல இடம்.

அடுத்தது ஓதம். சுவரின் அடியில் ஈரம் நிரந்தரமாகத் தங்கினால், செங்கல்லும் பூச்சும் அதை மேலே உறிஞ்சும். தரையிலிருந்து இரண்டு, மூன்றடி உயரத்துக்குப் பெயின்ட் உப்பிக்கொண்டு வரும். வெள்ளையாக உப்புப் பூக்கும். ஆண்டுதோறும் பட்டி பார்த்து வண்ணம் அடித்தாலும் நிற்காது.

கரையானுக்கும் இது வழிதான். மண்ணிலிருந்து சுவருக்கு ஏற அதற்கு ஈரமும் மறைவும் வேண்டும். இந்தப் பிளவில் இரண்டும் கிடைக்கின்றன. வெளிச்சுவரில் மண்கோடு தெரிந்தால் உடனே கண்டுபிடித்துவிடலாம். பிளவுக்குள் ஏறினால், கதவு நிலை செல்லரித்து உதிரும்போதுதான் தெரியவரும்.

நகர்வது தளமா, வீடா?

அடைக்கும் வேலையைத் தொடங்குவதற்கு முன் இந்தக் கேள்விக்கு விடை தெரிந்தாக வேண்டும். தளம் மட்டும் இறங்கியிருந்தால் அது பராமரிப்பு வேலை. வீடு இறங்கிக்கொண்டிருந்தால் அது வேறு கதை.

வீட்டை ஒரு சுற்று சுற்றிவந்து பார்க்க வேண்டும். ஜன்னல், கதவு மூலைகளிலிருந்து சாய்வாக ஏறும் விரிசல் இருக்கிறதா? கதவு திடீரென்று நிலையில் இடிக்கிறதா? உள்ளே தரை டைல்ஸ் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறதா? பேஸ்மட்டத்திலேயே செங்குத்து விரிசல் உண்டா? இவை எதுவும் இல்லாமல், சுற்றுத் தளம் மட்டும் சுவரைவிட்டு விலகியோ இறங்கியோ இருந்தால் பெரிய கவலை வேண்டாம்.

சந்தேகம் இருந்தால் அளந்து பார்ப்பதே வழி. பிளவின் இரு பக்கமும் பென்சிலால் சின்னக் கோடு போட்டு, இடைவெளியை ஸ்கேலால் அளந்து, தேதியோடு எழுதி வைக்கலாம். நான்கைந்து இடங்களில் இப்படிச் செய்து, மாதம் ஒருமுறை பார்த்தால் போதும். சுவர் விரிசலாக இருந்தால், அதன் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை ஒட்டிவைப்பது பழைய முறை. விரிசல் நகர்ந்தால் கண்ணாடி உடையும். மாதாமாதம் அளவு கூடிக்கொண்டே போனாலோ, கண்ணாடி உடைந்தாலோ சீலன்ட் வாங்கக் கடைக்குப் போகக் கூடாது. கட்டமைப்புப் பொறியாளரை அழைத்துக் காட்ட வேண்டும். விரிசலை மூடிவிட்டால் அவருக்குத் தெரிய வேண்டிய தடயமும் மறைந்துவிடும்.

தளத்தின் அடியில் வெற்றிடம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். சுத்தியலின் கைப்பிடியால் தட்டிக்கொண்டே போனால், மண் தாங்கும் இடத்தில் சத்தம் அடக்கமாக இருக்கும். வெற்றிடம் உள்ள இடத்தில் பானையைத் தட்டியதுபோலக் கேட்கும். ஒரு வாளித் தண்ணீரைப் பிளவில் ஊற்றினாலும் தெரிந்துவிடும். மேலே தேங்காமல் மடமடவென உள்ளே போனால், அடியில் பொந்து இருக்கிறது.

முதலில் தண்ணீரைத் திருப்புங்கள்

பிளவை எவ்வளவு கச்சிதமாக அடைத்தாலும், தண்ணீர் அங்கேயே தேங்கினால் ஒருநாள் வழி கண்டுபிடித்துவிடும். அதனால் வேலை தொடங்க வேண்டிய இடம் பிளவு அல்ல, வாட்டம்.

சுற்றுத் தளம் சுவரிலிருந்து வெளிப்பக்கமாகச் சாய்ந்திருக்க வேண்டும். மூன்றடி அகலத் தளத்துக்கு முக்கால் அங்குலம் முதல் ஒரு அங்குலம் வரை வாட்டம் இருந்தால் தண்ணீர் தானாக ஓடிவிடும். ரசமட்டம் வைத்துப் பார்த்தால் பல வீடுகளில் வாட்டம் தலைகீழாக இருப்பது தெரியும். சுவரை ஒட்டிய மண்தான் அதிகம் இறங்கும் என்பதால், தளமும் சுவர்ப் பக்கமே சாய்ந்துவிடுகிறது. அப்படிச் சாய்ந்த பகுதியை உடைத்து, மண்ணை நிரப்பி இறுக்கி, மறுபடியும் போடுவதே நல்லது. மேலே ஒரு கோட் கலவை பூசி வாட்டத்தைச் சரிசெய்வது நீடிக்காது; மெல்லிய பூச்சு ஒட்டாமல் பெயர்ந்து வரும்.

மழைநீர்க் குழாயின் வாய் தளத்தின் மேல் முடியக் கூடாது. குழாயை நீட்டி, வாய்க்காலுக்கோ மழைநீர் சேகரிப்புத் தொட்டிக்கோ கொண்டுபோக வேண்டும். தமிழ்நாட்டில் 2003-லேயே மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டதால் குழாயும் குழியும் பெரும்பாலான வீடுகளில் உண்டு. ஆனால் மேல்மூடியைத் திறந்தே பார்க்காமல் மண் அடைத்துப்போன குழிகளும் உண்டு. குழி நிரம்பி வழிந்தால் தண்ணீர் வருவது சுவரடிக்குத்தான். புதிதாகக் குழி எடுப்பவர்கள் அஸ்திவாரத்தை ஒட்டி எடுக்காமல் தள்ளி எடுப்பது நல்லது. ஏ.சி. தண்ணீர்க் குழாய், வாஷிங் மெஷின் குழாய், சுவரடிப் பூந்தொட்டிகள் ஆகியவற்றையும் ஒருமுறை கவனிக்க வேண்டும். நாள் முழுக்கச் சொட்டும் ஏ.சி. தண்ணீர் ஒரே இடத்தில் விழுந்தால் அந்த மூலை மட்டும் தனியாக இறங்கும்.

கரையான் மருந்து முன்னா, பின்னா?

முன்னால்தான். பிளவை அடைத்த பிறகு கரையான் மருந்து அடிக்க வந்தால், அதே கோட்டை ஒட்டித் துளை போட வேண்டியிருக்கும். செய்த வேலை வீணாகும்.

ஏற்கெனவே கட்டிய வீடுகளுக்கான கரையான் தடுப்பு முறையை ஐ.எஸ். 6313 தர விதியின் மூன்றாம் பகுதி சொல்கிறது. வீட்டைச் சுற்றிக் கான்கிரீட் தளம் இருந்தால், சுவரை ஒட்டினாற்போல் சுமார் 30 சென்டிமீட்டருக்கு ஒரு துளை போட்டு, தளத்தைத் தாண்டி மண்வரை இறக்கி, மருந்துக் கரைசலைச் செலுத்துவது இதில் அடிப்படை. பிறகு துளைகளை மூட வேண்டும். பிளவின் மேலாக மருந்தைத் தெளித்துவிட்டுப் போனால் அது மண்ணுக்குள் தொடர்ச்சியான தடுப்பாக அமையாது. கிணறோ ஆழ்துளைக் குழாயோ சுவருக்கு அருகில் இருந்தால், வேலைக்கு வருபவரிடம் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மருந்து குடிநீரில் கலக்கக் கூடாது.

எதை வைத்து அடைப்பது?

சிமென்ட் கலவை, வெள்ளை சிமென்ட் இரண்டும் இறுகிய பின் வளையாதவை. இறந்துபோன, இனி நகராத விரிசலுக்குத்தான் சரி.

பெயின்ட் கடையில் கிடைக்கும் அக்ரிலிக் கிராக் ஃபில்லர் சுவர்ப் பூச்சில் விழும் சன்ன விரிசலுக்கானது. தரையோரம் நாள்கணக்கில் ஈரம் படும் இடத்தில் அது நிற்காது.

சிலிகான் சீலன்ட்டில் இரண்டு வகை உண்டு. குழாயைப் பிதுக்கியதும் வினிகர் வாசனை அடித்தால் அது அசிட்டாக்ஸி வகை. கண்ணாடிக்கும் டைல்ஸுக்கும் ஏற்றது. சிமென்ட்டின் காரத்தோடு அது ஒத்துப்போகாது. சில மாதங்களில் உரிந்து வரும். அதன் மேல் பெயின்ட்டும் பிடிக்காது.

ஸ்பிரே ஃபோம் அடிப்பவர்களும் உண்டு. ஒரே நிமிடத்தில் பொங்கிப் பிளவை நிரப்பிவிடும். ஆனால் வெயில் பட்டால் பொடியாகும்; எறும்பும் கரையானும் அதைக் குடைந்துகொண்டு போகும்.

தார் பழைய முறை. மணலோடு கலந்து காய்ச்சி ஊற்றிய தார் அகலமான பிளவுக்கு இன்றும் பயன்படுகிறது. விலை குறைவு, கொஞ்சம் வளையும். ஆனால் கோடையில் இளகும், செருப்பில் ஒட்டும், சுவரில் கறை விடும். வீட்டின் பின்பக்கத்துக்கும் கிடங்குக்கும் போதும்.

வீட்டுச் சுவரோரத்துக்குப் பொருத்தமானது பாலியூரிதேன் சீலன்ட். சுருக்கமாக ‘பி.யூ. சீலன்ட்’ என்று கேட்டால் கட்டுமான வேதிப்பொருள் கடைகளில் தருவார்கள். ரப்பர் போல இழுபடும். கான்கிரீட்டில் நன்றாக ஒட்டும். மேலே பெயின்ட் அடிக்கக்கூடிய ரகங்களும் உண்டு. வாங்கும்போது உறையில் ‘25 சதவீத அசைவு’ என்ற விவரம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதாவது 12 மில்லிமீட்டர் அகலத்துக்குப் போட்டால், 3 மில்லிமீட்டர் விரிவதையும் 3 மில்லிமீட்டர் சுருங்குவதையும் தாங்கும். பிளவைக் கொஞ்சம் அகலப்படுத்திவிட்டு அடைக்கச் சொல்வது இதனால்தான். 3 மில்லிமீட்டர் கோட்டில் போட்ட சீலன்ட், முக்கால் மில்லிமீட்டர் அசைவுக்கே திணறிவிடும்.

அடைப்பது எப்படி?

ஒன்று: பழைய பூச்சை முழுவதுமாக எடுக்க வேண்டும். உளியாலோ கட்டிங் மெஷினாலோ, சுவரோரம் சுமார் 12 மில்லிமீட்டர் அகலமும் ஒரு அங்குல ஆழமும் கொண்ட சீரான காடி கிடைக்க வேண்டும். கட்டிங் மெஷின் தளத்தைத்தான் அறுக்க வேண்டும், பேஸ்மட்டச் சுவரை அல்ல.

இரண்டு: அடியில் பொந்து இருந்தால் முதலில் அதை நிரப்ப வேண்டும். சின்னப் பொந்துக்கு உலர்ந்த மணலைக் கொட்டித் தண்ணீர் விட்டு இறக்கலாம். பெரிய வெற்றிடம் என்றால் அந்தப் பகுதித் தளத்தை உடைத்து நிரப்புவதே சரி.

மூன்று: காடிக்குள் உள்ள தூசு, பாசி, பெயின்ட் எல்லாவற்றையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, ஊதி எடுக்க வேண்டும். தண்ணீர் விட்டுக் கழுவினால் நன்றாகக் காயும்வரை காத்திருக்க வேண்டும். பி.யூ. சீலன்ட் தூசு மேலும் ஒட்டாது, ஈரத்தின் மேலும் ஒட்டாது. தோற்றுப்போகும் வேலைகளில் பல இந்த இடத்தில்தான் தோற்கின்றன. சீலன்ட் நிறுவனம் பிரைமர் சொல்லியிருந்தால் அதையும் அடிக்க வேண்டும்.

நான்கு: பேக்கர் ராட். நுரையால் ஆன, கயிறு போன்ற பொருள். காடியைவிடக் கால்பங்கு தடிமன் கூடுதலாக, அதாவது 12 மில்லிமீட்டர் காடிக்கு 15 மில்லிமீட்டர் ராட் வாங்கி அழுத்தி இறக்க வேண்டும். மேலே 6 மில்லிமீட்டர் இடம் விட்டால் போதும். “அதெல்லாம் எதுக்கு, ரெண்டு ட்யூப் சேர்த்துப் போட்டா நிரம்பிடும்” என்று சிலர் சொல்வார்கள். ராட் போடுவது சீலன்ட்டை மிச்சப்படுத்த மட்டும் அல்ல. சீலன்ட் இரண்டு பக்கச் சுவர்களில் மட்டும் ஒட்டினால்தான் ரப்பர் பேண்டுபோல இழுபட முடியும். அடியிலும் ஒட்டிக்கொண்டால் இழுபட முடியாமல் கிழியும்.

ஐந்து: இரு ஓரமும் மாஸ்கிங் டேப் ஒட்டி, சீலன்ட் கன்னால் காற்றுக் குமிழ் இல்லாமல் நிரப்ப வேண்டும். சோப்புத் தண்ணீரில் நனைத்த கரண்டி முதுகால் அழுத்தி, நடுவில் லேசாகக் குழிவாக இழுத்துவிட்டு, காய்வதற்குள் டேப்பை உரித்துவிட வேண்டும். அகலத்தில் பாதி ஆழம் என்பது பொதுவான அளவு. 12 மில்லிமீட்டர் அகலத்துக்கு 6 மில்லிமீட்டர் ஆழம்.

ஆறு: மேல்தோல் சில மணி நேரத்தில் காய்ந்தாலும் உள்ளே முழுவதும் காய சில நாட்கள் ஆகும். அதுவரை தண்ணீர் தேங்காமலும் மிதிபடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அளவுக் கணக்கும் எளிதுதான். இந்த அளவில் ஒரு மீட்டருக்கு 72 மில்லி சீலன்ட் ஆகும். 600 மில்லி பாக்கெட் ஒன்று எட்டு மீட்டர் வரை வரும். 30-க்கு 40 அடி வீட்டின் சுற்றளவு 140 அடி, ஏறத்தாழ 43 மீட்டர். சேதாரம் சேர்த்து ஆறு பாக்கெட் போதும்.

கரிசல் மண் வீடுகளுக்கு மட்டும்

கோவில்பட்டி, விருதுநகர், மதுரை, கோவை வட்டாரங்களில் கரிசலில் வீடு கட்டியவர்களுக்கு இந்தப் பிளவு பழகிய ஒன்று. மே மாதம் வாய் பிளக்கும். ஐப்பசி, கார்த்திகையில் தானே மூடிக்கொள்ளும். கரிசல் மண்ணில் உள்ள ஒருவகைக் களிமண் தண்ணீரை உறிஞ்சி ஊதும். காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். வீட்டின் அடியில் உள்ள மண் நிழலில் ஈரம் காக்க, வெளியோர மண் மட்டும் காய்ந்தும் நனைந்தும் மாறுவதால் அசைவெல்லாம் சுவரோரத்தில் வந்து சேர்கிறது.

இங்கே பிளவை அடைப்பது அழகுக்காக அல்ல. சுவரோர மண்ணின் ஈரம் திடீரெனக் கூடாமலும் குறையாமலும் வைத்திருப்பதே நோக்கம். அதனால் சுற்றுத் தளமும் அகலமாக, ஐந்தாறு அடி வரை இருப்பது நல்லது. மூன்றடித் தளத்தின் வெளியோரத்தில் வெடிக்கும் மண் சுவருக்கு மிக அருகில் இருக்கிறது. ஆறடி என்றால் அந்த வெடிப்பு தள்ளிப்போகும். சுவரோரம் வேம்பு போன்ற பெரிய மரங்களை வைத்தால், கோடையில் அவை மண்ணின் ஈரத்தை மேலும் உறிஞ்சும்.

அடைக்கும் நேரமும் முக்கியம். உச்சக் கோடையில் பிளவு முழுவதும் விரிந்திருக்கும்போது நிரப்பினால், மழையில் மண் ஊதும்போது சீலன்ட் பிதுங்கி வெளியே வரும். மூடிக் கிடக்கும்போது நிரப்பினால் கோடையில் இழுபட்டுக் கிழியும். இரண்டுக்கும் நடுவில், தை, மாசி மாதங்களில் செய்வது தோதானது. பிளவு ஓர் அங்குலத்துக்கு மேல் திறந்து மூடுகிற இடத்தில் சீலன்ட்டை நம்பிப் பயனில்லை. அங்கே அஸ்திவாரத்தைப் பற்றியே பொறியாளரிடம் பேச வேண்டும். கரிசலில் புதிதாகக் கட்டுபவர்களுக்காகத்தான் ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அடியில் குமிழ்போல் அகன்ற பைல் முறையை வளர்த்தெடுத்தது. ஈரம் அதிகம் மாறாத ஆழத்தில் வீட்டை ஊன்றிவிடுவது அதன் தத்துவம்.

அடைக்கவே கூடாத இடைவெளிகள்

கையில் சீலன்ட் கன் இருந்தால் கண்ணில் படும் துளையையெல்லாம் அடைக்கத் தோன்றும். அங்கேதான் நிதானம் வேண்டும். சில இடைவெளிகள் கட்டியவர் வேண்டுமென்றே விட்டவை.

அமெரிக்கா, கனடாவில் பெரும்பாலான தனி வீடுகள் கான்கிரீட் அஸ்திவாரத்தின் மேல் மரச்சட்டத்தால் கட்டப்படுபவை. வெளியே ‘சைடிங்’ எனப்படும் வினைல் அல்லது ஃபைபர் சிமென்ட் பலகைகளைப் பதிப்பார்கள். பலகையின் கீழ் விளிம்புக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே இடைவெளி தெரியும். குளிர் வருகிறது, எலி வருகிறது என்று அதை அடைத்துவிட்டால், பலகைக்குப் பின்னால் நுழைந்த மழைநீர் வடிய வழியில்லாமல் மரம் அழுகும். அங்கே அடைக்க வேண்டிய கோடு உள்ளே இருக்கிறது. அஸ்திவாரத்தின் தலையில் படுத்திருக்கும் மரக்கட்டை கான்கிரீட்டைத் தொடும் இடம் அது. வெளியே பலகையின் அடியில் பூச்சி வராமல் இருக்க வலை மட்டும் போதும்.

இது நம் ஊருக்கும் பொருந்தும். எலிவேஷனுக்காக முன்சுவரில் சட்டம் அடித்துப் பேனல் மாட்டும் வீடுகள் இப்போது பெருகிவிட்டன. பேனலுக்கும் சுவருக்கும் நடுவே இடைவெளி இருக்கும் வீடுகளில், பேனலின் கீழ் விளிம்பைத் தரையோடு சேர்த்து அடைக்கக் கூடாது. கீழே கொஞ்சம் உயர்த்தி முடித்து, துருப்பிடிக்காத வலை வைத்து, தண்ணீர் வடிய விட வேண்டும். பிளவை அடைக்க வேண்டியது பேனலுக்குப் பின்னால், சுவரும் தளமும் சேரும் கோட்டில். அதனால் பேனல் மாட்டும் முன்பே அந்த வேலையை முடித்துவிட வேண்டும்.

மதில் சுவரிலும் தாங்கு சுவரிலும் வரிசையாகத் தெரியும் தண்ணீர்த் துளைகள், சன்ஷேடின் அடியில் ஓடும் சொட்டுக் காடி, இரண்டு கட்டடப் பகுதிகளுக்கு நடுவே விட்ட எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட் ஆகியவையும் அப்படித்தான். முதல் இரண்டையும் மூடவே கூடாது. மூன்றாவதைக் கலவையால் நிரப்பக் கூடாது.

ஓதம் ஏறிய சுவர் இன்னொரு எச்சரிக்கை. ஈரமாக இருக்கும் சுவரின் வெளிப்பக்கம் முழுவதும் வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் அடித்துவிட்டால், ஈரம் உள்பக்கமாக வெளியேறப் பார்க்கும். பிளவை அடைத்து, தண்ணீரைத் திருப்பி, ஒரு கோடை முழுவதும் சுவரைக் காயவிட்டு, அதன்பின் வண்ணம் அடிப்பதே முறை.

இனிமேல்தான் கட்டப் போகிறீர்களா?

அப்படியென்றால் பாதி வேலை மிச்சம். சுவரும் தளமும் ஒட்டக் கூடாது என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டால் போதும். கான்கிரீட் போடும் முன் சுவரோரம் அரை அங்குலத் தெர்மோகோல் அல்லது தார் தோய்த்த ஃபைபர் போர்டை நிறுத்திவிட்டு, அதை ஒட்டிக் கான்கிரீட் போட வேண்டும். காய்ந்த பிறகு மேலே கொஞ்சம் தெர்மோகோலைச் சுரண்டி எடுத்தால் சீரான காடி தயார். பேக்கர் ராட், சீலன்ட் போட்டு முடித்துவிடலாம். தளத்தையும் நான்கைந்து அடிக்கு ஒரு முறை குறுக்கே வெட்டிப் பிரித்தால், கண்ட இடத்தில் வெடிக்காது.

அடிப்படையிலும் கஞ்சத்தனம் வேண்டாம். மத்தியப் பொதுப்பணித் துறையின் விவரக்குறிப்பில், 75 மில்லிமீட்டர் செங்கல் ஜல்லியை இறுக்கி மணல் நிரவி, அதன் மேல் 1:3:6 விகிதத்தில் 50 மில்லிமீட்டர் கான்கிரீட் என்றிருக்கிறது. கான்கிரீட்டைவிட அதன் அடியில் இறுக்கிய படுகை தடிமனாக இருப்பதைக் கவனிக்கலாம். தளத்தின் மட்டம், பேஸ்மட்டத்தில் போட்ட ஓதத் தடுப்புப் பட்டையைவிட அரை அடியாவது கீழே இருக்க வேண்டும். தெருவை உயர்த்திவிட்டார்கள் என்று சுற்றுத் தளத்தையும் உயர்த்தி அந்தப் பட்டைக்கு மேல் கொண்டுபோனால், பட்டை இருந்தும் பயனில்லாமல் ஈரம் சுவருக்கு ஏறும்.

“ஜாயின்ட் விட்டுப் போடச் சொன்னா மேஸ்திரி கேட்க மாட்டேங்கறார்” என்பது பலர் சொல்லும் குறை. ஒப்பந்தம் பேசும்போதே, சுவரோரம் அரை அங்குல ஜாயின்ட், பி.யூ. சீலன்ட், வெளிப்பக்க வாட்டம் ஆகிய மூன்றையும் தனி வரியாக எழுதி வாங்கிவிட்டால் பேச்சுக்கு இடமில்லை.

செய்து முடித்த பிறகும் ஆண்டுக்கு ஒருமுறை, வடகிழக்குப் பருவமழைக்கு முன் புரட்டாசியில் வீட்டைச் சுற்றி நடந்து பார்க்க வேண்டும். சீலன்ட் எங்காவது ஓரம் உரிந்திருந்தால் அந்த ஓரடியை மட்டும் வெட்டியெடுத்துப் புதிதாக நிரப்பினால் போதும். நல்ல சீலன்ட்டும் காலத்துக்கும் நிற்காது. வெயிலில் சில ஆண்டுகளில் இறுகும், அப்போது மாற்ற வேண்டும். மழைநீர்க் குழாயின் வாயில் இலை அடைத்திருக்கிறதா என்பதையும் அதே நடையில் பார்த்துவிடலாம்.